சிசரோவின் மேடையும் கடிதமும்

நாவன்மைக்கு இலக்கணமென மேனாட்டார் நெடுங்காலமாகப் போற்றிவரும் நூல்களுள், வெரஸ் என்னும் தேசாதிபதிக்கெதிராகச் சிசரோ எழுதிய குற்றச்சாட்டுரைகள் தலையாயன. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் எம் நாட்டுப் பெருங் கல்லூரிகள் சிலவற்றிலும் இலத்தீன் கற்பிக்கப்பட்டது. அக்கல்வியின் வழியே வந்த சிசரோ, அடக்கியாளப்பட்ட மாகாணத்து மக்களுக்காகக் குரல்கொடுத்த நீதிமான். அவருடைய உரைகளை மட்டும் படிப்போர் இப்படிமத்தை ஐயுற மாட்டார். அவர் தம் நண்பர் அத்திக்கசுக்கு எழுதிய கடிதங்களையும் அருகில் வைத்துப் படிப்போர்க்கோ வேறொரு சித்திரம் தோன்றும்.

சிசிலி உரோமரின் முதல் மாகாணம். கி. மு. 241இல் அத்தீவின் பெரும்பகுதி அவர் கைப்பட்டபோதும், சிராக்கூசில் ஆண்ட ஈரோ மன்னன் அவர்தம் நேச அரசனாகவே விடப்பட்டான். 215இல் அவன் மறைந்தான். 212இல் அவன் நகரும் வீழ்ந்தது. அரசு மறைந்ததாயினும் அவ்வரசனின் வரிச்சட்டம் மறையவில்லை. விளைச்சலிற் பத்திலொன்றைத் தானியமாகப் பெறும் அம்முறையை உரோமர் அப்படியே கைக்கொண்டனர். வரி தண்டும் உரிமை ஆண்டுதோறும் ஏலத்தில் விடப்பட்டது. ஏலமெடுத்த குத்தகைக்காரன் உழவனின் களத்துமேட்டுக்கு வந்து நின்றான்.

வெரஸ் 73 முதல் 71 வரை அங்கு ஆண்டான். அவனுடைய ஆள் அப்புரோனியஸ், கேட்ட அளவைக் கேட்டபடி வாங்கினான். லெயொந்தினி நிலத்தில் வெரசின் முதலாண்டிற் பயிரிட்டோர் 84 பேர். மூன்றாமாண்டில் 32 பேர். அகிரியத்தில் 250 பேர் 80 ஆயினர். சிசரோவின் அலங்காரங்கள் யாவற்றையும் விட இவ்வெண்களே இன்றும் நெஞ்சைத் தொடுகின்றன. முப்பத்தாறு வயதில், ஐம்பது நாட்களுக்குள் சிசிலி முழுவதுஞ் சுற்றிச் சான்று திரட்டி, செல்வாக்கு மிக்க ஒரு கூட்டத்தை எதிர்த்து அவர் வழக்காடியமை துணிவான செயலே. அதனை மறுப்பது நேர்மையாகாது.

ஆயினும் அவ்வுரைகளின் உச்சக்கட்டம் எது? வயலை விட்டோடிய உழவன் அல்லன். மெசானாவிற் சிலுவையில் அறையப்பட்ட காவியஸ் என்பவனே. அவன் உரோமக் குடிமகன் என்பதே சிசரோவின் சீற்றத்துக்கு அடிப்படை. குடியுரிமை அற்றவன் சிலுவையேறியிருப்பின் அச்சீற்றம் இப்படிப் பொங்கியிராது. இன்னொன்று: 70இல் நடந்த முதல் விசாரணையுடனேயே வெரஸ் மசிலியாவுக்கு ஓடிவிட்டமையால், இப்பகுதி அடங்கிய ஐந்து உரைகளும் நீதிமன்றத்திற் பேசப்படவேயில்லை, ஏட்டில் மட்டுமே வெளிவந்தன. மறு ஆண்டே அதே சிசரோ, கோல் நாட்டுத் தேசாதிபதியாயிருந்த பொந்தேயசுக்காக வாதாடினார். முறையிட்டு வந்த கோலியரை நாகரிகமற்றோர் என எள்ளி, உரோமன் ஒருவனுக்கெதிராக அவர்தம் சாட்சியம் செல்லாதென்றார். சிசிலியனின் சொல் 70இல் நம்பத்தக்கது. கோலியனின் சொல் 69இல் நம்பத்தகாதது. வழக்கறிஞர் தொழிலின் தன்மை அது என்பர். அங்ஙனமாயின், அதனை மாகாண மக்களின் குரலென வாசகர் கொள்வது ஏன்?

தவறு ஒரு தனிமனிதனின் இயல்பிலே தங்கியிருப்பதாகக் காட்டுவது இவ்வகை இலக்கியத்தின் உள்ளார்ந்த குறை. வாரன் ஹேஸ்டிங்சுக்கெதிராக எட்மண்ட் பேர்க் 1788இல் முழங்கியபோது வெரஸ் உரைகளையே முன்மாதிரியாகக் கொண்டார். 1795இல் ஹேஸ்டிங்ஸ் விடுதலையானான்; கொம்பனியின் ஆட்சியோ 1858 வரை நீடித்தது.

உரோமிலும் முறைமையே மனிதரை ஆட்டிவைத்தது. தேசாதிபதிகளின் கொள்ளையை விசாரிக்க 149இலேயே தனி நீதிமன்றம் அமைக்கப்பட்டதுண்மை. ஆனால் ஆசியா மாகாணத்தில் வரிக்குத்தகைக்காரரைக் கட்டுப்படுத்த உதவிய ருத்திலியஸ் ரூபஸ் என்னும் நேர்மையாளரை, 92இல் அதே நீதிமன்றம் கொள்ளையரெனத் தண்டித்தது. நாடு நீங்கிய அவர் வாழச் சென்ற இடம், அவர் கொள்ளையடித்ததாகக் கூறப்பட்ட அதே மாகாணம்! மக்கள் அவரை மதிப்புடன் ஏற்றனர்.

இனிக் கடிதங்களுக்கு வருவோம். 51இல் சிசரோ தாமே சிலீசியாவுக்குத் தேசாதிபதியானார். தமக்கு முன் ஆண்ட அப்பியஸ் குளோடியசின் கீழ் மக்கள் தலைவரி கட்ட வழியின்றித் தவித்ததை எழுதுகிறார். தாம் பரிசு பெறவில்லை, சிலை வைக்க விடவில்லை என்பதையும் சற்றே பெருமையுடன் எழுதுகிறார். படைகள் தம் நகர்களிற் குளிர்காலத்தைக் கழியாதிருத்தற்காகச் சைப்பிரசுத் தீவினர் முன்பு தேசாதிபதிக்குக் கொடுத்துவந்த 200 தாலந்து அவர் காலத்தில் மிஞ்சியது. நல்ல ஆட்சிதான்.

அப்போதுதான் சாலமிஸ் நகரின் கடன் அவர் முன் வந்தது. 58இல் அரசனிடமிருந்து உரோமர் பறித்துச் சிலீசியாவுடன் இணைத்த தீவு சைப்பிரஸ். அத்தீவின் சாலமிஸ் நகரத்தார்க்கு நூற்றுக்கு 48 வட்டியிற் கடன் கொடுக்கப்பட்டிருந்தது. அதனை அறவிட ஸ்காப்தியஸ் என்பவன், அப்பியசிடம் பதவியும் குதிரைப்படையும் பெற்று, நகரசபையைச் சபைமண்டபத்துள்ளேயே முற்றுகையிட்டான். உறுப்பினர் ஐவர் பட்டினியால் மாண்டனர். சிசரோ குதிரைப்படையை வெளியேற்றினார். தம் ஆணைப்படி நூற்றுக்கு 12 வட்டியே செல்லுமென்றார். அக்கணக்கிற் கடன் 106 தாலந்து. ஸ்காப்தியஸ் கேட்டதோ 200. நகரத்தார் 106ஐக் கையிற் கொண்டு வந்து நின்றனர்.

பிறகே உண்மை வெளிப்பட்டது. கடன் கொடுத்தவர் ஸ்காப்தியஸ் அல்லர், மார்க்கஸ் புரூட்டஸ். குதிரைப்படை கொடுத்த அப்பியஸ் அவருடைய மாமனார். வட்டிச் சட்டத்தினின்று இக்கடனுக்கு விலக்களித்து 56இல் செனற்சபை தீர்மானமே நிறைவேற்றியிருந்தது. அத்திக்கசும், மீண்டும் ஓர் ஐம்பது குதிரைவீரரையாவது கொடும் என நண்பரை வேண்டினார். சிசரோ அதற்கு இணங்கவில்லை. ஆனால் வட்டி வளராதிருக்கப் பணத்தைக் கோயிலில் வைக்க அனுமதிக்குமாறு சாலமிசார் கேட்டபோது, அதனையும் அவர் தவிர்த்துவிட்டார். வழக்கு தீர்ப்பின்றி, அடுத்து வருபவன் கைக்கு விடப்பட்டது. நாடு திரும்பிய சிசரோவிடம், சட்டத்துக்கு மாறின்றிச் சேர்ந்ததென அவரே கூறும் 22 இலட்சம் செஸ்தர்ஸ் இருந்தது.

மேடையிற் கேளாத எதுவோ இக்கடிதங்களிற் கேட்கிறது. கண்ணெதிரே அநீதியை அறிந்த ஒருவர், தம் வர்க்கத்தின் எல்லையில் வந்து நின்று தயங்கும் தயக்கம் அது. இலக்கியம் என்ற வகையிலும் இவையே உயர்ந்தவை என்பது என் துணிபு. 1599 அளவில் ஷேக்ஸ்பியர் படைத்த புரூட்டஸ், உழவரின் கையிலிருந்து இழிவழியிற் பணம் பறிக்கத் தன்னால் இயலாதெனக் கசியசிடம் சினந்துரைக்கிறான். அக்காட்சியை மேடையிற் காணும்போது சாலமிசின் ஐவரை நினையாதிருக்க முடிவதில்லை.

முடிசூடிய நேச அரசர் இம்மாகாணத்தாரினும் மேலான நிலையில் இருந்தனரா? சிலீசியாவை அடுத்திருந்த கப்பதோக்கியாவின் மன்னன் அரியோபர்சனஸ், மாதந்தோறும் பொம்பிக்கு 33 தாலந்து கட்டினான். அது வட்டிக்கே போதவில்லை. களஞ்சியமோ நிலையான வருவாயோ அவனிடமில்லை எனச் சிசரோ எழுதுகிறார். எழுதிவிட்டு, புரூட்டசுக்குரிய பங்கில் ஏறக்குறைய 100 தாலந்தை அவனிடமே பெற்றும் கொடுக்கிறார். உரோமுக்கு இத்தகைய அரசர் மலிவானவர். தேசாதிபதியை அனுப்பும் செலவின்றி, முடியின் பெயரால் வரி தண்டி, உரோமப் பிரபுக்களின் பெட்டிக்கு அனுப்பும் அறவீட்டுக்காரர். இம்மன்னன் பூண்டிருந்த பட்டங்களுள் ஒன்று 'உரோமநேசன்' என்பது. 42இல், தமக்கெதிராகச் சதிசெய்தான் எனக் கூறி, புரூட்டசின் தோழர் கசியசே அவனைக் கொல்வித்து, எஞ்சியிருந்த பொருளையும் கைப்பற்றினார்.