சிலுவையும் பந்தியும்: தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் சீடத்துவம்

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு தடங்களில் போகின்றன. அச்சுக்கும் அகராதிக்கும் உரைநடைக்கும் மறைப்பணியாளர்கள் செய்த தொண்டைக் கணக்கிடுவது ஒன்று. தேவாரமும் பிரபந்தமும் வளர்த்த பக்தி வடிவங்கள் கிறித்தவத்துக்குள் எப்படி வந்து சேர்ந்தன என்று காட்டுவது மற்றொன்று. இரண்டும் வேண்டியவையே. ஆனால் இந்த நூல்களுக்கு உயிர் கொடுத்த கேள்வி இவை இரண்டிலும் அடங்காது. இயேசுவை இரட்சகர் என்று நம்பியவர் அவர் பின்னால் எப்படி நடப்பது என்பதே அந்தக் கேள்வி. அதை முன்வைத்து, பதினாறாம் நூற்றாண்டு முதல் நம் காலம் வரையிலான நூல்களைப் படித்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது. இரட்சகர் மீதான அன்பைப் பாடுவதில் இந்த இலக்கியத்துக்குக் குறை இல்லை. அவரைப் பின்பற்றுவது என்று வரும்போது, அது மெய்யா பொய்யா என்பது இந்த மண்ணில் ஒரே இடத்தில்தான் திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்டிருக்கிறது: யார் யாரோடு உட்காருகிறார், யார் யாரோடு உண்கிறார் என்ற இடத்தில்.

தொடக்கத்தில் சீடத்துவம் முன்மாதிரிகள் வழியாகவே கற்பிக்கப்பட்டது. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறு நூலை அச்சிட்ட அண்டிரிக் அடிகளார், எட்டு ஆண்டுகளுக்குப் பின் 'அடியார் வரலாறு' என்ற பெரும் நூலை வெளியிட்டார். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் அப்போது இரண்டு தலைமுறையாகத்தான் கிறித்தவர்கள். மறைக்கல்வியின் சுருக்கம் மட்டும் அவர்களுக்குப் போதாது என்றும், இரட்சகரின் பின்னே நடந்து காட்டிய மனிதர்களின் கதைகள் வேண்டும் என்றும் அடிகளார் கண்டிருக்கிறார். வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' எழுதியதும் இதே கவலையில்தான். ஊர் ஊராகப் போய்ப் போதிக்கும் உபதேசிமார் முதலில் எப்படி வாழவேண்டும் என்பதே அந்த உரைநடை நூலின் பொருள். அவருடைய 'தேம்பாவணி' இன்னும் ஆழமாகப் போகிறது. 3,615 பாடல்கள் கொண்ட அந்தக் காப்பியத்துக்கு அவர் தேர்ந்துகொண்ட தலைவர் பேதுருவும் இல்லை, பவுலும் இல்லை. வளன் என்று அவர் தமிழாக்கிய சூசையப்பர். நற்செய்தி நூல்களில் சூசை ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. கனவில் கட்டளை வருகிறது, எழுந்து போகிறார். இரவோடிரவாகக் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் புறப்படுகிறார். இயேசு ஒருவரையும் தன் பின்னே வரும்படி அழைப்பதற்கு முன்பே, அவருக்காக வீட்டை விட்டுப் போனவர் அவர். பேசாத ஒருவரைக் காப்பியத் தலைவராக்கியது வீரமாமுனிவரின் கவித்துணிவு என்று மட்டும் பலர் சொல்வார்கள். எனக்கு அது சீடத்துவத்தைப் பற்றிய ஒரு தீர்ப்பாகவே தெரிகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சிந்தனையின் உச்சம் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. நெல்லைச் சீமையில் 1827-இல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி வளர்ந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தபின் 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். 1894-இல் நூலாக வெளிவந்த அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையைத் தழுவியது. முதல் நூலையும் தழுவலையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு மாற்றம் கண்ணில் படும். பனியனின் பயணி முதுகில் சுமையோடு வந்து சிலுவையைக் காண்கிறான். சுமை தானே கழன்று உருண்டு கல்லறைக்குள் விழுகிறது. ஆங்கில நூலில் அது சில வரிகளில் முடிந்துவிடும். கிருஷ்ண பிள்ளைக்கு அது போதவில்லை. தன் காப்பியத்துக்குள் இயேசுவின் பாடுகளை முழுக் கதையாக விரித்துச் சேர்க்கிறார். காட்டிக்கொடுத்தல், விசாரணை, கசையடி, சிலுவை, அடித்தவர்களுக்காக வேண்டிய மன்னிப்பு என்று ஒவ்வொன்றாக நின்று நின்று பாடுகிறார். பயணி என்ன பெற்றான் என்பதைவிட, அதை வாங்கிக்கொடுக்க இரட்சகர் என்ன பட்டார் என்பது வாசகரின் நெஞ்சில் இறங்குகிறது. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. சிலுவையடியோடு காப்பியம் முடிவதில்லை. சுமை இறங்கியபின்தான் மலையும் கணவாயும் சிறையும் சந்தையும் கொண்ட நெடுவழி மிச்சமிருக்கிறது. அந்த வழியில் இடையிடையே தேவாரப் பதிகங்களின் சாயலில் இசைப்பாடல்கள் வருகின்றன. நம்பிக்கை பயணத்தின் முதற்படி, பின்பற்றல் அதன் எஞ்சிய நீளம் என்பதைக் காப்பியத்தின் கட்டமைப்பே சொல்லிவிடுகிறது.

இங்கே சீர்திருத்தச் சபை மரபிலிருந்து ஒரு மறுப்பு வரும். இரட்சிப்பு கிருபையினால் கிடைப்பது. பின்பற்றலை அதோடு கட்டினால் மனிதச் செயலைப் பின்வாசல் வழியாக உள்ளே விடுவதாகாதா? எளிதில் தள்ளக்கூடிய கேள்வி அல்ல இது; லூத்தரின் முழுப் போராட்டமும் இதில் இருக்கிறது. ஆனால் லூத்தரின் மரபிலேயே வந்த டீட்ரிக் போன்ஹோஃபர், சீடத்துவம் பற்றி 1937-இல் வெளியிட்ட நூலில் இதற்குப் பதில் சொன்னார். பின்செல்லுதல் இல்லாமல் வாங்கிக்கொள்ளும் கிருபை மலிவான கிருபை என்பது அவர் வாதம். அது வெறும் இறையியல் நுணுக்கமாக எழுந்ததல்ல. யூத வழிவந்த கிறித்தவர்களைத் திருச்சபைப் பணிகளிலிருந்து விலக்கும் விதியை 1933-இல் ஜெர்மன் திருச்சபையினரில் பலர் ஏற்றுக்கொண்டபோது முதலிலேயே எதிர்த்தவர்களில் அவர் ஒருவர். ஆலயத்தில் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்ற கேள்வியிலிருந்துதான் அவருடைய கிருபைச் சிந்தனை கூர்மை பெற்றது. கிருஷ்ண பிள்ளையின் காப்பியத்திலும் வரிசை அதுவே: முதலில் சுமை இறங்குகிறது, பிறகு நடை. நடந்ததற்குக் கூலியாகச் சுமை இறங்குவதில்லை. ஆனால் இறங்கியபின் நடக்காதவரை யாத்திரிகர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

தமிழகத்தில் இந்த நடை எங்கே தடுக்கியது என்பதற்குத் தஞ்சையைப் பார்க்கவேண்டும். வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்றவர். சரபோஜி மன்னரின் நட்பைப் பெற்றவர். அவருடைய 'பெத்லெகேம் குறவஞ்சி'யும் கீர்த்தனைகளும் தமிழ்ச் சபைகளின் நாவில் இன்றும் வாழ்கின்றன. இரட்சகர் மீது அவருக்கிருந்த அன்பைச் சந்தேகிக்க ஒருவருக்கும் உரிமையில்லை. அதே சாஸ்திரியார்தான், புதிதாக வந்த மிஷனரிகள் ஆலயத்தில் சாதிப் பிரிவினையை ஒழிக்க முற்பட்டபோது கடுமையாக எதிர்த்து எழுதினார். சாதி உலக வழக்கம், அது ஆத்தும இரட்சிப்பைத் தொடாது என்பது அவர் நிலை. நியாயமாகச் சொல்லவேண்டும்: அவருடைய கோபம் முழுவதும் சாதியைப் பற்றியதல்ல. வழிபாட்டில் தமிழிசையையும் விழாக்களில் பூக்களையும் விலக்கவும், மக்கள் மனப்பாடமாக வைத்திருந்த வேத மொழிபெயர்ப்பை மாற்றவும் அந்த மிஷனரிகள் முயன்றார்கள். அவற்றில் சாஸ்திரியார் பக்கமே நியாயம் இருந்தது. இசையையும் பூவையும் காப்பாற்றிய அதே கையால் தனி இருக்கையையும் சேர்த்துக் காப்பாற்றியதுதான் துயரம். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைச் சபைகள் உடனே, முற்றாகக் கைவிடவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெறுவதைவிட வெளியேறுவது அவர்களுக்கு எளிதாயிருந்தது.

இன்றைய கண்ணால் அன்றைய மனிதரை அளக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் இன்றைய அளவுகோலைக் கொண்டுபோகவில்லை. அவர்கள் நாள்தோறும் வாசித்த புதிய ஏற்பாட்டிலேயே அந்த அளவுகோல் இருந்தது. அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாத விசுவாசிகளோடு உண்டுகொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். பேதுருவின் விசுவாச அறிக்கையில் எந்தப் பிழையும் இருக்கவில்லை; அவர் பந்தியை விட்டு எழுந்ததையே நற்செய்திக்கு மாறாகப் பவுல் கண்டார். தமிழ் மண்ணிலும் சான்று உண்டு. திருவிதாங்கூர் அரசுப் பணியிலிருந்த தேவசகாயம் 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாதி பாராமல் எல்லாரோடும் கலந்து பழகியவர் என்றே மக்கள் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் முழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த ஆலயத்தின் அமைப்பைக் கவனியுங்கள். இரண்டு தனித்தனி நடுக்கூடங்கள் சாய்வாக வந்து ஒரே பீடத்தில் சேர்கின்றன. அன்று வேளாளருக்கு ஒரு கூடம், நாடாருக்கு மறு கூடம். குருவானவரை இரு பக்கத்தாரும் பார்க்க முடிந்தது. ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க முடியவில்லை. நடுவிலிருந்த சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. அதன்பின்னும் வழக்குகள் ஓய்ந்துவிடவில்லை. 2022-இல் தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டபோது அவர் பெயரின் பின்னிருந்த சாதிப் பெயரைத் திருச்சபை நீக்கியே அறிவித்தது. அந்த ஒரு திருத்தத்துக்கு இருநூற்றெழுபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டு எழுத்தில் இந்தக் கேள்வி வெளிப்படையாகிறது. 1921-இல் திருப்பத்தூரில் சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்தியரான எர்னஸ்ட் பேட்டனும் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம், இந்தியரும் வெள்ளையரும் ஒரே எளிமையில் சேர்ந்து வாழ்வதையே சாட்சியாகக் கொண்டது. அதைவிடக் கூர்மையானது மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு (1940–2005) செய்தது. 'பரட்டை' என்று அறியப்பட்ட அவர், கீர்த்தனைகளின் கர்நாடக இசை ஒடுக்கப்பட்டோரின் வாயில் ஒட்டவில்லை என்று கண்டு, கிராமிய மெட்டுகளில் வழிபாடு அமைத்தார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கி உண்பதே திருவிருந்தின் பொருள் என்று கற்பித்தார். சாஸ்திரியாரை அவர் தெரிந்தே மறுதலிக்கிறார் என்றாலும், இசை மக்களுடையதாக இருக்கவேண்டும் என்பதில் இருவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் போதுமான அளவு கவனிக்கவில்லை. பாமாவின் 'கருக்கு' (1992) பக்தி நூல்களின் பட்டியலில் வைக்கப்படுவதில்லை. நான் அதை அங்கேதான் வைப்பேன். ஏழைகளுக்கு ஊழியம் செய்யவென்றே கன்னியர் மடம் சேர்ந்த ஒரு பெண், மடம் வசதியுள்ளவர்களுக்கே ஊழியம் செய்வதைக் கண்டு வெளியேறுகிறார். மடத்தை விட்டுப் போனவர் இரட்சகரை விட்டுப் போனதாக அந்த நூலை நேர்மையாகப் படித்த எவரும் சொல்லமுடியாது. அவரைப் பின்பற்றுவதற்காகவே அவர் வெளியேறவேண்டியிருந்தது.

பக்தியைச் சமூகவியலாகச் சுருக்குகிறீர்கள், அழுது பாடுகிறவரின் உள்ளத்தை இருக்கை வரிசையை வைத்தா அளப்பது என்று கடைசியாக ஒரு மறுப்பு எழும். கண்ணீரின் மதிப்பை நான் குறைக்கவில்லை. கிருஷ்ண பிள்ளையின் பாடுகளின் பகுதியைக் கண் கலங்காமல் படிப்பது எனக்கு அரிது. ஆனால் அந்தப் பாடுகளைப் பட்டவர் எதற்காகக் குற்றம் சாட்டப்பட்டார்? வரிகாரரோடும் பாவிகளோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பது அவர் மீது முதலில் எழுந்த முறுமுறுப்புகளில் ஒன்று. அந்தப் பந்தியிலிருந்து சிலுவை வரையிலான வழி ஒன்றேதான். சிலுவையை மட்டும் பாடிவிட்டுப் பந்தியை விடுகிறவர் பாதிக் கதையைத்தான் பாடுகிறார். தமிழ்நாட்டில் பல ஊர்களில் கிறித்தவக் கல்லறைத் தோட்டங்கள் இன்னும் சாதிவாரியாகப் பிரிந்தே கிடக்கின்றன. ஆகவே இந்த இலக்கியத்தைக் கற்பிக்கும் கல்லூரிகளும் இறையியல் பள்ளிகளும் 'இரட்சணிய யாத்திரிக'த்தை ஒரு தாளிலும் 'கருக்கை' வேறொரு தாளிலும் வைப்பதை நிறுத்தவேண்டும். சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை அவருடைய சாதி வாதங்களோடும் அப்பாவுவின் பாடல்களோடும் ஒரே மேசையில் விரித்துப் படிக்கும் ஆய்வு இனிமேல்தான் தொடங்கவேண்டியிருக்கிறது.