கண்ணாடிக்கு வெளியே நின்ற எழுத்தாளன்

தமிழ்ச் சிறுபத்திரிகைக்காரர்கள் மார்சல் புரூஸ்ட் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வார்கள். நினைவு, காலம், அகம், உன்னதம். அதோடு சரி. அவருடைய பெருநாவலின் இரண்டாம் பாகம் 1919இல் வெளிவந்தது. அந்த வருசமே கோன்கூர் பரிசும் வாங்கியது. அதில் பெரும்பகுதி ஒரு கடற்கரைச் சொகுசு ஓட்டலில் நடக்கிறது, அங்கே சாப்பிடுகிறவர்களோடு அதை வெளியே நின்று பார்க்கிறவர்களும் அதில் இருக்கிறார்கள் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பில் தட்டுத்தடுமாறிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்தபிறகு நம்ம ஆட்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கதை சொல்லும் பையன் வசதியான வீட்டுப் பிள்ளை, நோயாளி. பாட்டியோடும் வேலைக்காரி பிரான்சுவாஸோடும் பால்பெக் என்ற ஊருக்குப் போகிறான். பால்பெக் கற்பனை ஊர். நார்மண்டிக் கரையில் கபூர் என்ற ஊரின் பெரிய ஓட்டலில் 1907 முதல் 1914 வரை கோடைதோறும் புரூஸ்ட் போய்த் தங்கினார். அதுதான் இதற்கு மூலம். புயலடிக்கும் கடலையும் பழங்காலத் தேவாலயத்தையும் மனசில் வைத்துக்கொண்டு போன பையனுக்கு எல்லாமே ஏமாற்றம். தேவாலயம் டிராம் பாதை பிரிகிற சாதாரணச் சதுக்கத்தில் நிற்கிறது. ஓட்டலில் பாட்டி மேனேஜரிடம் வாடகை பேரம் பேச, இவன் கூனிக்குறுகிப் போகிறான். அறையின் கூரை ரொம்ப உயரம். தெரியாத சாமான்களெல்லாம் அவனை விரோதமாகப் பார்க்கின்றன. பாட்டி வந்து பூட்ஸைக் கழற்றிவிட்டு ஆறுதல் சொல்லவேண்டியிருக்கிறது. இதுக்குப் போய் இத்தனை பக்கமா என்று முதலில் எரிச்சல்தான் வந்தது.

அவனைப் படுத்துகிறவற்றில் அந்த அறையின் வாசனையும் ஒன்று. வெட்டிவேர் வாசனை! பிரெஞ்சிலும் அதற்கு இதே சொல்தான். நம்ம தமிழ்ச் சொல்தான் அங்கே போயிருக்கிறது. வெட்டி எடுக்கிற வேர். வெட்டுகிற கை யாருடையது என்று நமக்குத் தெரியும். புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த 19ஆம் நூற்றாண்டில், நம் சனங்களை ஒப்பந்தக் கூலிகளாக ரியூனியன் தீவுக்குக் கப்பலேற்றினார்கள். அந்தத் தீவு பின்னால் வெட்டிவேர்த் தைலத்துக்குப் பேர்போனது. பையனின் அறைக்கு அந்த வாசனை எங்கிருந்து வந்தது என்று நாவல் சொல்லவில்லை. ஆனால் சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அவனைக் கலங்கடிக்கிற அந்நிய வாசனை, நமக்குக் கோடையில் பானைத் தண்ணீரில் போடுகிற வேர்.

ஏறக்குறைய அதே காலத்தில் இன்னொருவரும் பழக்கமில்லாத அறையில் தங்கினார். 1917. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு அண்ணல் அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்கு வருகிறார். தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் கொடுத்துத் தங்குகிறார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் அந்த இடத்தை எழுதியிருக்கிறார். வேறு விருந்தாளி ஒருவருமில்லை. கூடம் முழுக்க உடைந்த நாற்காலிகள், பெஞ்சுகள், பலகைகள். ஒரு சின்ன அரிக்கேன் விளக்கு. இருட்டில் பறக்கும் வௌவால்கள். அதுவும் நிலைக்கவில்லை. பதினோராம் நாள் காலை கம்புகளோடு பார்சிகள் கூட்டமாக வந்து நின்றார்கள். சாயங்காலத்துக்குள் காலி பண்ணவேண்டும் என்றார்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒருவனுக்கு அறை நினைத்த மாதிரி இல்லை என்று துக்கம். இன்னொருவருக்கு அந்தப் பாழடைந்த அறையும் பறிபோயிற்று. ஓட்டல் சரியில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளவே முதலில் வாசலைத் தாண்டி உள்ளே போயிருக்கவேண்டும். 'மனித மனத்தின் பொதுவான ஏமாற்றம்' என்று விமர்சகர்கள் சொல்வது இந்த வாசலை மறைத்துவிட்டுத்தான்.

இத்தோடு நின்றிருந்தால் புத்தகத்தை மூடி வைத்திருப்பேன். ஆனால் புரூஸ்ட் நிற்கவில்லை. இரவில் மின்விளக்கு வெள்ளத்தில் ஓட்டலின் சாப்பாட்டுக்கூடம் பெரிய மீன்தொட்டி போல ஆகிறது. வெளியே இருட்டில் மீனவர்களும் உழைக்கிற சனங்களும் சின்ன வருமானக் குடும்பங்களும் கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு, உள்ளே நடக்கிற சொகுசை வேடிக்கை பார்க்கிறார்கள். அவர் கேட்கிறார்: இந்தக் கண்ணாடிச் சுவர் எந்நாளும் காப்பாற்றுமா? வெளியே நிற்பவர்கள் ஒருநாள் வந்து இந்த விசித்திர மீன்களைப் பிடித்துத் தின்றுவிட மாட்டார்களா?

புரூஸ்டின் தாய் யூதர். டிரைஃபஸ் வழக்கில் 1898இல் அநியாயத்துக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டவர் அவர். கண்ணாடி இருப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. நம்மூர் உன்னதவாதிகளில் எத்தனை பேர் அதையாவது ஒத்துக்கொண்டார்கள்? ஆனாலும் அவர் பார்ப்பது உள்ளேயிருந்துதான். வெளியே நிற்பவர்களுக்குப் பேரில்லை, பேச்சில்லை, கண் மட்டும்தான். தட்டில் இருக்கிற மீனைப் பிடித்துக் கொடுத்தவன் யார் என்ற கேள்வி அவருக்கு வரவில்லை.

உள்ளேயே கண்ணாடியை மதிக்காத இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒருத்தி பாட்டி. கடற்காற்று வரட்டும் என்று சாப்பாட்டுக்கூடத்து ஜன்னலைத் திறந்துவிடுகிறாள். மெனு அட்டையும் பேப்பரும் தொப்பியும் பறக்கின்றன. பெரிய மனுசர்கள் கொதித்துப்போகிறார்கள். அவள் அசையவில்லை. இன்னொருத்தி பிரான்சுவாஸ். ஓட்டல் வேலைக்காரர்களோடு சிநேகமாகிவிடுகிறாள். அப்புறம் அவங்க சாப்பிடுற நேரத்துல வெந்நீர் கேட்டுத் தொந்தரவு பண்ணக்கூடாது என்கிறாள். எசமானர்களுக்கு வெந்நீர் கிடைப்பதில்லை. புரூஸ்ட் இதை நகைச்சுவையாகத்தான் எழுதுகிறார். நான் சிரிக்கவில்லை. அந்த ஓட்டலில் வேலை செய்கிறவனுக்கும் பசி உண்டு என்று சொன்ன ஒரே ஆள் அவள்.

1950இல் அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு ஓட்டல் கதவு எல்லோருக்கும் பொது என்றது. டீக்கடையில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் இருந்தது. இன்று நம்மில் சிலர் கருத்தரங்கத்துக்கென்று கடற்கரை ஓட்டல்களில் தங்கவும் செய்கிறோம். காசு கொடுத்தால் கண்ணாடி விலகும். விலகினால், உள்ளே போய் நாமும் மீனாகிவிடுவதா?

வெளியே நிற்கிற கூட்டத்தில் ஒரு எழுத்தாளனும் இருக்கலாம் என்று புரூஸ்ட் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். உள்ளே இருப்பவர்களின் தாடை அசைவதைப் பார்த்து வகைபிரிக்கிற வேலையை அவனுக்குக் கொடுக்கிறார். அந்த எழுத்தாளன் வந்துவிட்டான், அவளும் வந்துவிட்டாள். நம்முடைய எழுத்து அந்த இருட்டிலிருந்து வந்ததுதான். ஆனால் அவர் கொடுத்த வேலையோடு நாம் நிற்கவேண்டியதில்லை. நம்ம பக்கத்தில் நின்று பார்த்தவர்களின் பேரை எழுதவேண்டும். வேர் வெட்டினவனை, மீன் பிடித்தவனை, வெந்நீர் வைத்தவளை எழுதவேண்டும். தோழர்கள் புரூஸ்டைப் படியுங்கள். பிரான்சுவாஸ் பக்கம் நின்று படியுங்கள்.