தாழ்ந்த காருக்கு எந்த ரேம்ப்?

‘ரோஜா’ (1992) படத்தால் வெளியூர்க்காரர்களும் பெயர் அறிந்த சுந்தரபாண்டியபுரத்துக்கு, சூரியகாந்தி பூக்கும் சாரல் மாதங்களில் கார்கள் வந்தபடியே இருக்கும். வயலோரம் இறக்கி ஏற்றும்போது பலவும் அடி தட்டும். ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளியே 163 மில்லிமீட்டர்தான். ஐந்து பேர் ஏறினால் அதுவும் குறையும். உள்ளூர்க்காரருக்கோ இது சீசனோடு தீரும் தொல்லை இல்லை. அடியில் அப்பிய மண்ணைக் கழுவ, ஆயில் சம்ப் நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க, ஆயில் மாற்ற, இதற்கெல்லாம் தென்காசிக்குப் போகாமல் வீட்டிலேயே முடிக்க நினைப்பவருக்கு எளிய வழி, சக்கரங்களை ஏற்றி நிறுத்தும் ஒரு ஜோடி ரேம்ப்.

ஜாக்கியா ரேம்ப்பா என்றால் நான் ரேம்ப் பக்கம். காரோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான். அதை நம்பி அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. ரேம்ப்பில் எடை முழுதும் டயரிலேயே நிற்கிறது.

வேடிக்கை என்னவென்றால், ரேம்ப் அதிகம் தேவைப்படும் தாழ்ந்த காருக்குத்தான் கடை ரேம்ப் பொருந்துவதில்லை. முன்பம்பர் சக்கரத்தைத் தாண்டி நீண்டிருக்கிறது. டயர் ரேம்ப்பைத் தொடும்போதே பம்பரின் கீழ் விளிம்பு அதன் உயர்ந்த பகுதிக்கு வந்துவிடும். ஸ்பிரிங்கை மாற்றித் தாழ்த்திய வண்டியென்றால் முட்டியேவிடும். 15 செ.மீ. உயரத்தை 45 செ.மீ. நீளத்தில் ஏற்றினால் சரிவு 18 பாகையைத் தாண்டும். ஒரு மீட்டருக்கு நீட்டினால் 8.5 பாகைதான். ஆகவே மரவாடியில் தடித்த பலகை வாங்கி, படிப்படியாக அடுக்கி, போல்ட் போட்டு இறுக்கிய நீண்ட ரேம்ப்பே மேல். ஹாலோபிளாக் மட்டும் வேண்டாம், சொல்லாமல் உடையும்.

சாரல் நாளில் இன்னொரு சிக்கல். நனைந்த சிமென்ட் வாசலில் டயர் ஏறாமல் ரேம்ப்பையே தள்ளிக்கொண்டு போகும். மண் தரையானால் ஒரு பக்கம் புதையும். அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

ஹேண்ட்பிரேக் பெரும்பாலான கார்களில் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். முன்பக்கத்தை ஏற்றினால் பின்சக்கரம் தரையில் இருக்கும். லாரிக்காரர்போல் டயருக்குக் கல்லும் வைத்துவிட்டால் வண்டி நிற்கும். பின்பக்கத்தை ஏற்றினால் அந்தப் பிடி ரேம்ப்புக்கு மேலே போய்விடுகிறது. தரையில் இருக்கும் முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்காமல் அடியில் நுழையவே கூடாது.

சக்கரம் கழற்றும் வேலை எதற்கும் ரேம்ப் உதவாது. பிரேக் பேட் மாற்ற ஒர்க்ஷாப்தான். ஆயிலிலும் ஒரு நுணுக்கம் உண்டு: டிரெயின் போல்ட் சம்ப்பின் பின்புறம் இருந்தால் முன்பக்கம் தூக்கிய வண்டியில் நன்றாக வடியும், முன்புறம் இருந்தால் கொஞ்சம் அடியில் தங்கிவிடும். அளவு பார்ப்பதும் வண்டியைச் சமதரைக்கு இறக்கிய பிறகே.

எனக்கு உண்மையான குறையாகப் படுவது வடித்த ஆயில். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. ஒர்க்ஷாப்பில் அதைப் பிடித்து வைக்க டிரம் இருக்கிறது. வீட்டு வாசலில் இருப்பது சாக்கடை. பழைய கேனில் பிடித்து அந்த டிரம்மில் கொண்டுபோய் ஊற்றப் பொறுமை இல்லாதவர், ஆயில் மாற்றுவதை மெக்கானிக்கிடமே விட்டுவிடலாம்.