பறையும் மின்கிதாரும்: ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசையும் ‘தமிழிசை’ என்னும் வரையறையும்

திறவுச்சொற்கள்: தமிழிசை இயக்கம், கானா, பறை, ராக், ஃபங்க், பங்க், நந்தனார், சிதம்பரம்

முன்னுரை

ராக், சோல், ஃபங்க், பங்க் ஆகிய இசை வகைமைகளைத் தமிழ்த் திறனாய்வு பெரும்பாலும் ‘மேற்கத்திய இசை’ என்னும் ஒற்றைச் சொல்லால் சுட்டிக் கடந்துவிடுகிறது. இச்சொல் போதாது என்பதை உணர்த்தும் சான்றாகத் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் இசைக்குழு விளங்குகிறது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து 2017இல் உருவாக்கிய இக்குழு, 2018 சனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. இக்குழுவைப் பற்றிய பேச்சு அதன் அரசியலை ஏற்பதாகவோ மறுப்பதாகவோ அமைந்துவிடுகிறது. அதன் இசையை இசையாகவே மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம். தமிழிசை இயக்கத்தின் தொடக்கக் களங்களுள் ஒன்றான சிதம்பரம் இதற்கு நோக்குநிலையாகக் கொள்ளப்படுகிறது.

சிதம்பரம் வகுத்த வரையறை

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1941இல் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. கச்சேரி மேடையில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்பது இவ்வியக்கத்தின் முதன்மைக் கோரிக்கை. சீர்காழி முத்துத்தாண்டவரும் சிதம்பரத்தை அடுத்த தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளையும் மீண்டும் கவனம் பெற்றதிலும், தேவாரப் பண்கள் ஆராயப்பட்டதிலும் இவ்வியக்கத்தின் பங்கு பெரிது.

ஆயின், ‘எந்த மொழியில் பாடுவது’ என்னும் வினாவை எழுப்பிய இயக்கம், ‘எவர் கையிலுள்ள கருவி மேடையேறுவது’ என்னும் வினாவை அதே அழுத்தத்துடன் எழுப்பவில்லை. தொல்காப்பியம் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை எண்ணுகிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பறை இருந்தது என்பதே அதன் பொருள். அக்கருவியோ இருபதாம் நூற்றாண்டுத் தமிழிசை மேடைக்கு வெளியே நின்றது.

இம்முரண் நந்தனார் கதையில் செறிவாக வெளிப்படுகிறது. கோயில் முரசங்களுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர் நந்தனார் என்கிறது பெரியபுராணம். கருவிக்கு உடல் தந்தவர் தில்லையின் எல்லையில் நின்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அவர் கதையைக் கீர்த்தனைகளாக்கினார். 1942இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தில் நடித்த எம்.எம். தண்டபாணி தேசிகர் பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைப் பேராசிரியராகவும் விளங்கினார். நந்தனாரின் ஏக்கம் கச்சேரிக்குள் வந்தது. அவர் சமூகத்தின் பறை வரவில்லை. மிருதங்கமும் தோற்கருவியே ஆதலின், விலக்கப்பட்டது தோல் அன்று. பறை முழக்கிய மக்களே விலக்கப்பட்டனர்.

‘மேற்கத்திய இசை’ என்னும் பொதுச்சொல்

ராக் இசையின் வேர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ், ரிதம் அண்டு புளூஸ் ஆகியவற்றில் உள்ளது. சோல் இசை அவர்தம் தேவாலயப் பாடல்முறையிலிருந்து கிளைத்தது. 1960களின் நடுப்பகுதியில் ஜேம்ஸ் பிரவுன் வடிவமைத்த ஃபங்க் இசையில் கிதார், பேஸ், ஊதுகருவிகள் ஆகிய அனைத்தும் தாளக்கருவிகளைப் போல இயங்கின. கறுப்பராய் இருப்பதன் பெருமையை அறைகூவலாக அவர் பாடியது 1968இல். பங்க் இசை 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் இலண்டனிலும் எழுந்தது. தேர்ந்த பயிற்சி இல்லாதவரும் மேடையேறலாம் என்பது அதன் கொள்கை. பிரித்தானியாவில் 1976இல் தொடங்கிய ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ இயக்கம் பங்க் குழுக்களையும் ரெகே குழுக்களையும் ஒரே மேடையில் நிறுத்தியது.

இவ்வரலாற்றை நோக்கின், கானாக் கலைஞர் ஒருவர் மின்கிதாருடன் இணைவதை ‘மேற்கத்தியத் தாக்கம்’ என்று மட்டும் குறிப்பது பொருந்தாது. ஒதுக்கப்பட்ட மக்கள் உருவாக்கிய ஓர் இசை, ஒதுக்கப்பட்ட மக்களின் வேறோர் இசையைச் சந்திக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம். குழுவின் பெயரும் இதற்கு அரண் செய்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் வலியுறுத்திய சாதிபேதமற்ற தமிழர் என்னும் கருத்தாக்கத்திலிருந்து அப்பெயர் பெறப்பட்டது.

கலெக்டிவின் இசை: பேறும் குறையும்

பத்தொன்பது கலைஞர்களுடன் தொடங்கிய இக்குழுவில் பறை, சட்டி, கட்டமோளம் ஆகியன மின்கிதார், பேஸ் கிதார், டிரம்ஸ் ஆகியவற்றுடன் ஒலிக்கின்றன. இடஒதுக்கீட்டைப் பாடுபொருளாகக் கொண்ட ‘கோட்டா’ போன்ற பாடல்களின் நேரடித்தன்மை பங்க் மரபுக்கு நெருக்கமானது. ஆண்களின் களமாகவே அறியப்பட்ட கானாவில் இசைவாணியின் குரல் முன்னிலை பெற்றதும் இக்குழுவின் பேறு.

எனினும், இசையமைப்பில் ஒரு சிக்கல் உண்டு. சில இடங்களில் பறை தொடக்க அடையாளமாக முழங்கிப் பின்வாங்குகிறது. காலக்கணக்கை டிரம்ஸ் ஏற்றுக்கொள்ள, கிதாரின் தொடர் முழக்கம் மேலெழுகிறது. அங்கே பறை இசையின் முதுகெலும்பாக அன்றி, அரசியல் குறியீடாகவே எஞ்சுகிறது. இது கருவியின் இயல்போடும் தொடர்புடையது. தோற்பறையைத் தீயில் காய்ச்சியே சுருதி ஏற்ற வேண்டும். சூடு தணியத் தணிய ஒலி தளரும். ஒரே அளவில் ஒலிக்கும் மின்கருவிகளுக்கிடையே அது எளிதில் அமிழ்ந்துவிடும்.

இதற்கு மாறாக, கிதார் குறுந்தட்டல்களாகச் சுருங்கி, சட்டியும் பறையும் எழுப்பும் அடிக்கு இடைவெளி விட்டு இயங்கும் இடங்களில் இவ்விசை முழுமை பெறுகிறது. அது ராக்கைவிட ஃபங்க் முறைக்கு நெருக்கமான இயக்கம். அடிக்குச்சியும் சுண்டுக்குச்சியும் மாறி மாறி உரையாட, பலர் ஒரே அடியை மீள மீள முழக்குவது பறைக்குழுவின் இயல்பு. சிறு கூறுகள் ஒன்றோடொன்று கோத்து மீள்வதே ஃபங்க்கின் இயல்பும் ஆகும். ஆகவே, பறைக்கு நெருங்கிய உறவு மேடை முழக்கத்தில் மட்டும் இல்லை. இக்கோவை முறையிலும் உள்ளது.

முடிவுரை

கடலூரில் 1934இல் பிறந்த ஜெயகாந்தன், சென்னைக் குடிசைப்பகுதி மக்களின் பேச்சைக் கதைகளுக்குள் கொணர்ந்தார். இலக்கியத் திறனாய்வு அம்மொழியை ஏற்றுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அம்மக்களின் பாடலாகிய கானாவை இசைத் திறனாய்வு இன்னும் சமூகவியல் செய்தியாகவே பெரிதும் அணுகுகிறது. கலெக்டிவின் அரசியலைப் போற்றிவிட்டு அதன் தாளத்தை ஆராயாமல் விடுவதும் ஒருவகை விலக்கே. மதிப்பிடப்படும் உரிமையும் இசைக்கு வேண்டும். குறை சொல்லும் அளவுக்கு அதனைக் கூர்ந்து கேட்பதே அவ்வுரிமையை வழங்கும் வழி.

மொழியை அளவுகோலாகக் கொண்டு 1941இல் சிதம்பரம் எழுப்பிய வினா நியாயமானது, ஆனால் நிறைவுறாதது. கருவியையும் அதை ஏந்தும் கையையும் சேர்த்து எண்ணும்போதே ‘தமிழிசை’ என்னும் சொல் தன் முழுப்பொருளை எய்தும். அதற்குக் கடலூர், சிதம்பரம் வட்டார ஊர்களின் சாவு வீடுகளிலும் திருவிழாக்களிலும் முழங்கும் பறையடிகளைத் தாளக்குறியீட்டோடு பதிவுசெய்து ஒப்பிடுதல் முதற்பணியாகும்.