எட்டு ஆங்ஸ்ட்ரம் உறவு

தலவாக்கலையில் கொழுந்து வரத்துக் கூடிய நாளில் ஸ்டோர் பக்கம் நடந்தால் ஒரு வாசனை வரும். அரைத்துப் பரப்பிய கொழுந்தின் பச்சை நெடி கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, பழுத்த ஆப்பிளின் மணம் போல ஒன்று எழும். பச்சை மங்கிச் செம்பு நிறம் ஏறும். டீமேக்கர் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்ப்பார். இன்னும் சில நிமிடம் விடுவதா, உடனே அடுப்புக்கு அனுப்புவதா என்பதை அந்த மூக்குத்தான் முடிவு செய்யும்.

அந்த மணத்தை ரசிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு ரசனையையும் அறிமுகப்படுத்த ஆசைப்படுகிறேன். ஒரு புரதத்தின் உருவத்துக்குள் எது எதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்று வாசிக்கும் கலை அது. டீமேக்கரின் மூக்குக்கு எட்டும் மாற்றத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஸ்டோரில் நடப்பதை நாம் நொதித்தல் என்கிறோம். ஆனால் வேலை செய்வது இலைக்குள்ளேயே இருக்கும் பாலிபினால் ஆக்ஸிடேஸ் என்ற நொதி. கொழுந்து முழுசாக இருக்கும்வரை நொதி ஓர் அறையிலும், அது தேடும் கேட்டகின்கள் இன்னோர் அறையிலும் பிரிந்து கிடக்கும். ரோலரில் இலை நசுங்கும்போதுதான் இரண்டும் சந்திக்கும். காற்றின் ஆக்ஸிஜனும் கூடினால் தேநீருக்குப் பொன்னிறம் தரும் தியாபிளேவினும், செம்பழுப்புத் தரும் தியாரூபிஜினும் பிறக்கும்.

இந்த நொதியின் குணத்தை ஆராய்ந்தவர்களில் முன்னோடிகள் நம் ஊரில் இருந்தார்கள். சென் கூம்ஸ் தோட்டத்துத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் லாம்பும் ஸ்ரீரங்காச்சாரும் இலங்கைத் தேயிலையின் நொதித்தலைப் பற்றி வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார்கள். 1943இல் பயோகெமிக்கல் ஜர்னலில் ஸ்ரீரங்காச்சார் எழுதியது இந்த நொதிக்குள் செம்பு இருக்கிறது என்று காட்டியது. பிற்காலத்தில், இன்று மலாவி எனப்படும் நியாசாலாந்தில் செம்புச் சத்துக் குறைந்த தேயிலைச் செடிகளின் கொழுந்து, எவ்வளவு அரைத்தாலும் சரியாக நொதிக்காமல் போனது. செம்பு இல்லையென்றால் தேநீரின் நிறமும் இல்லை.

சரி, அந்தச் செம்பை அவ்வளவு பெரிய புரதம் எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது? இந்தக் கேள்வியில்தான் கலை தொடங்குகிறது.

புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. கோத்த பிறகு ஒவ்வொரு கண்ணியையும் எச்சம் என்பார்கள். கோத்த வரிசை மட்டும் போதாது. சங்கிலி மடிந்து சுருண்டு ஓர் உருவம் எடுத்தால்தான் வேலை நடக்கும். பதுளைக்குப் போகும் ரயிலில் தெமோதரையைக் கடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்ட ரயில் மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியிலிருக்கும் சுரங்கத்துக்குள் நுழையும். தண்டவாளக் கணக்கில் தூரம். மலையின் கணக்கில் மேலும் கீழும் பக்கத்து வீடு. புரதத்தில் இப்படி நேர்ந்த நெருக்கத்தைத்தான் தொடுகை என்கிறோம்.

தேயிலை நொதிக்கு நெருங்கிய சொந்தமான ஒன்றின் உருவம் 1998இல் வெளியானது. வற்றாளங்கிழங்கிலிருந்து எடுத்த கேட்டகோல் ஆக்ஸிடேஸ் அது. அதன் நடுவில் இரண்டு செம்பு அணுக்கள். ஒவ்வொன்றையும் மூன்று ஹிஸ்டிடின் எச்சங்கள் முக்காலி போலத் தாங்குகின்றன. முதல் செம்பைத் தாங்குபவை சங்கிலியின் 88, 109, 118ஆம் இடங்களில் இருப்பவை; இரண்டாவதைத் தாங்குபவை 240, 244, 274ஆம் இடத்தவை. 88க்கும் 274க்கும் இடையே 186 இடத்துத் தூரம். அவ்வளவு தூரத்து ஆட்கள் கூடிவந்து, 3.3 ஆங்ஸ்ட்ரம் இடைவெளியில் இரண்டு செம்புகளை நிறுத்தி வைக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரைக் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ரம். 240ஐயும் 244ஐயும் கவனியுங்கள். அங்கே சங்கிலி சுருளாக ஓடுகிறது. சுருளின் ஒரு சுற்றுக்கு 3.6 எச்சங்கள். ஆகவே நாலு இடம் தள்ளி வருபவர் ஏறக்குறைய நேர் மேலே வந்து நிற்பார். 261ஆம் இடத்துப் பினைல்அலனைன் முதல் செம்பின் மேலே வாசற்கதவு போல நிற்கிறது. இதைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது, நல்ல தச்சர் பொருத்திய மூட்டைத் தடவிப் பார்க்கும் மகிழ்ச்சி எனக்குக் கிடைக்கிறது.

தொடுகைகள் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டுவது தொடுகை வரைபடம். கட்டம் போட்ட தாளில் எச்சங்களை ஒன்று முதல் கடைசிவரை கிடையாகவும் நெடுக்காகவும் எழுதுங்கள். எந்த இரண்டு எச்சங்கள் எட்டு ஆங்ஸ்ட்ரமுக்குள் நெருங்குகின்றனவோ அவை சந்திக்கும் கட்டத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அணுவுக்கு அணு அளப்பவர்கள் நாலு, நாலரை என்று இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். புள்ளி வைத்து முடிந்ததும் தாள் பேசத் தொடங்கும். மூலைவிட்டத்தை ஒட்டித் தடித்த பட்டை ஓடினால் அது சுருள். மூலைவிட்டத்துக்குக் குறுக்கே கோடு நீண்டால் எதிரெதிராக ஓடும் இரண்டு இழைகள். மூலைவிட்டத்துக்கு இணையாகத் தள்ளி ஒரு கோடு இருந்தால் ஒரே திசையில் ஓடும் இழைகள். தேர்ந்த கண் தேடுவது மூலையில் தனித்து நிற்கும் புள்ளிகளை. தொலைவிலிருந்து வந்து கைகோத்தவர்கள் அவர்கள். உருவத்தைப் பூட்டி வைப்பதில் அவர்கள் பங்கு பெரிது.

நெருக்கத்தை அளக்கும் இந்தக் கணக்குக்குத் தமிழ் மண்ணில் பெருமைக்குரிய வரலாறு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் கொலாஜனுக்கு முப்புரிச் சுருள் வடிவம் சொன்னார். அந்த மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று கிரிக், ரிச் என்ற விஞ்ஞானிகள் மறுத்தார்கள். ராமச்சந்திரன் அந்த மறுப்பையே ஆராய்ச்சியாக்கினார். அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? அதுவரை வெளியான படிக அமைப்புகளைத் துழாவி அவர் குழு எல்லை வகுத்தது. இரு கார்பன்களுக்குச் சாதாரணமாக 3.2 ஆங்ஸ்ட்ரம், மிஞ்சிப்போனால் 3.0, இரு ஹைட்ரஜன்களுக்கு 2.0, மிஞ்சிப்போனால் 1.9. இந்த எல்லைகளை வைத்து சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்ட வரைபடம்தான் இன்று உலகெங்கும் ராமச்சந்திரன் வரைபடம் எனப்படுகிறது. புதிய புரத உருவம் சரியா தவறா என்பதை இன்றும் அதில் வைத்துத்தான் உரசிப் பார்க்கிறார்கள். ஒரு மறுப்பை இவ்வளவு கண்ணியமாக எதிர்கொண்டவர்கள் அறிவியலில் அதிகம் இல்லை.

மலையகத்தார் பலருடைய பூர்வீகமான திருச்சிச் சீமையிலும் இந்தக் கலை வளர்ந்தது. பி.கே. பொன்னுசாமி, மணவாளனுடன் சேர்ந்து 1978இல் நேச்சர் இதழில் எழுதினார். ஒவ்வொரு எச்சத்தையும் சுற்றி எட்டு ஆங்ஸ்ட்ரம் ஆரத்தில் ஒரு கோளம் வரைந்து, அதற்குள் வரும் அயலார் எவ்வளவு தண்ணீரை வெறுப்பவர்கள் என்று கூட்டிப் பார்ப்பது அவர் முறை. ஒருவரை அறிய அவருடைய அயலாரைப் பார் என்கிற எளிய, ஆழமான யோசனை அது. அவர் வழியில் வந்த மைக்கேல் குரோமிகாவும் எஸ். செல்வராஜும் 2001இல், சங்கிலியில் பன்னிரண்டு இடத்துக்கு மேல் விலகியிருந்தும் தொட்டுக்கொள்பவர்களை மட்டும் எண்ணினார்கள். அப்படிப்பட்ட உறவு கூடக்கூடப் புரதம் மடிய எடுக்கும் நேரமும் கூடுகிறது என்று காட்டினார்கள். தூரத்து உறவைக் கூட்டிச் சேர்க்க நேரம் ஆகும்தானே. 2018இல் அறிமுகமான ஆல்பாபோல்ட் என்ற கணினி நிரலும் எச்சங்களுக்கிடையிலான தூரத்தைக் கணித்துத்தான் உருவத்தைத் தொட்டது. 2024இன் வேதியியல் நோபல் பரிசில் அந்த வழிக்கும் பங்கு கிடைத்தது.

மீண்டும் ஸ்டோருக்கு வருவோம். டீமேக்கர் தலையசைத்ததும் கொழுந்து அடுப்புக்குள் போகிறது. சூடான காற்றில் அந்த நொதியின் தொடுகைகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுகின்றன. கூடி நின்ற ஹிஸ்டிடின்கள் கலைகின்றன, செம்பு பிடியிழக்கிறது, நிறமாற்றம் அத்தோடு நிற்கிறது. பச்சைத் தேயிலை தயாரிப்பவர்கள் இதையே முதலில் செய்துவிடுகிறார்கள்: அரைப்பதற்கு முன்பே ஆவியிலோ சட்டியிலோ சூடாக்கி அந்த உறவைக் கலைத்துவிடுவதால் இலை பச்சையாகவே நிற்கிறது. ஒரே கொழுந்து கறுப்பாவதும் பச்சையாகவே இருப்பதும், அந்தத் தொடுகைகள் எந்த நேரத்தில் அறுகின்றன என்பதைப் பொறுத்தது.

தலவாக்கலையில் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 1971இல் தொடங்கிய புரதத் தரவு வங்கி யாருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. கையிலிருக்கும் போனிலேயே ஒரு புரதத்தைத் திறந்து பார்க்கலாம். ஓர் எச்சத்தைப் பிடியுங்கள். அதைச் சுற்றி எட்டு ஆங்ஸ்ட்ரமுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அவர்களில் யார் தொலைவிலிருந்து வந்தவர் என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் ஸ்டோரில் தினமும் வேலை செய்யும் நொதிக்குச் சொந்தமான அந்த வற்றாளங்கிழங்கு நொதியிலிருந்தே தொடங்கலாம்.