செம்பனைத் தோட்டத்தில் நாற்சக்கர யந்திரம்

பனி பெய்யும் நாடுகளில், முன்னே இரண்டு சறுக்குக் கட்டைகளும் பின்னே ஒரு ரப்பர்ப் பட்டையும் பூண்டு, காட்டு வழிகளில் சீறிப் பாயும் பனிவண்டியைத் திரைப்படங்களில் கண்டு ஆசைப்பட்ட நம்மவர்கள் பலர் உண்டு. ஆனால் வெயிலும் மழையும் முறைவைத்து ஆட்சி புரிகிற மலாக்காவில் அதன்மீது ஏறி அமரும் பாக்கியம் எவருக்கும் வாய்ப்பதற்கில்லை. அந்த ஆசையை ஓரளவேனும் தீர்த்துக்கொள்ள ஒரு மார்க்கம் இருக்கிறது. பனிவண்டிக்கு ரத்த சம்பந்தமுள்ள ஏ.டி.வி. என்னும் நாற்சக்கர வண்டியை, ஆயர் குரோவுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தின் மண்பாதைகளில் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்தேன். அதன் குணதோஷங்களை நிதானமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டியைச் செய்த நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. வாடகைக்கு உழைத்து உழைத்துக் களைத்துப்போன ஒரு வண்டியை வைத்துக்கொண்டு அதன் சிருஷ்டிகர்த்தாவுக்குத் தீர்ப்பு எழுதுவது நியாயமாகாது. ஆகவே இதை ஒரு தனி வண்டியைப் பற்றிய அபிப்பிராயமாகக் கொள்ளாமல், சுமார் 400 சி.சி. கொள்ளளவும் ஒற்றை சிலிண்டரும் தானியங்கிப் பற்சக்கரமும் நாற்சக்கர இயக்கமும் கொண்ட ஓர் இனத்தைப் பற்றிய அபிப்பிராயமாகவே கொள்ள வேண்டுகிறேன்.

பனிவண்டிக்கும் இதற்கும் உள்ள உறவு வெறும் உபசார வார்த்தையன்று. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ரோசோ என்ற சிற்றூரில் விவசாயக் கருவிகள் செய்துகொண்டிருந்த போலாரிஸ் நிறுவனத்தார் 1956இல் தங்கள் முதல் பனிவண்டியை உருவாக்கினார்கள். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஜோசப்-ஆர்மான் பொம்பார்டியே 1959இல் ஸ்கீ-டூ வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஜப்பானிய ஹோண்டா நிறுவனமோ, பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் வியாபாரம் படுத்துவிடுகிறது, அப்போது விற்க ஏதேனும் ஒரு பொருள் வேண்டும் என்று அமெரிக்க முகவர்கள் முறையிட்டதன் பேரில், ஒசாமு தகேயுச்சி என்னும் பொறியியலாளரிடம் அப்பொறுப்பை ஒப்படைக்க, அவர் பலவித சக்கர அமைப்புகளைப் பரீட்சித்துப் பார்த்து, ஊதிப் பருத்த மூன்று சக்கரங்கள் கொண்ட வண்டியொன்றை 1970இல் வெளியிடச் செய்தார். மூன்று சக்கரம் எளிதில் கவிழும் சுபாவமுடையதாகையால், நாளடைவில் விபத்துகள் பெருகி, 1988இல் அமெரிக்க அரசாங்கத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி அவ்வகை வண்டிகளின் விற்பனை அங்கே நின்றுபோயிற்று. அதற்கு முன்பே, 1980களின் தொடக்கத்தில், சுசுகி நான்கு சக்கரங்களோடு களத்தில் இறங்கிவிட்டது. 1985இல் போலாரிஸும் ஏ.டி.வி. செய்யத் தொடங்கியது. பனிக்காலத்து வியாபாரத் தேவையிலிருந்து பிறந்த யந்திரம் பனியே அறியாத நம் செம்மண்ணுக்கு வந்து சேர்ந்த விருத்தாந்தம் இவ்வளவுதான்.

வண்டியில் ஏறி அமர்ந்தவுடன் கண்ணில் படும் விசேஷம், வலக் கைப்பிடியில் திருகும் அமைப்பு இல்லாமையே. முடுக்குவதற்குக் கட்டைவிரலால் அழுத்தும் சிறு நெம்புகோல் ஒன்றுதான் இருக்கிறது. மேடுபள்ளங்களில் குலுங்கும்போது ஓட்டுபவன் கைப்பிடியைத் தன்னை அறியாமல் இறுகப் பற்றுவது இயல்பு. திருகு பிடியாயிருந்தால் அந்தப் பற்றுதலே வண்டியை மேலும் முடுக்கிவிடும். கட்டைவிரலுக்கு இந்த அபாயமில்லை. வண்டி எதிலேனும் மோதினால் விரல் தானே விலகி, வேகம் அடங்கிவிடுகிறது. பனிவண்டியிலும் இதே ஏற்பாடுதான். நெடுநேரம் ஓட்டினால் கட்டைவிரலின் அடியில் ஒரு வலி வந்து குடியேறுகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

கியர் மாற்றும் கவலை இவ்வண்டியில் இல்லை. இரண்டு கப்பிகளையும் அவற்றை இணைக்கும் ஒரு வார்ப்பட்டையையும் கொண்ட இதன் இயக்க முறை, யந்திரத்தின் வேகம் கூடக் கூட எடைகள் வெளிநோக்கித் தள்ளப்பட்டு, முன் கப்பி நெருங்கி, பின் கப்பி விலகி, பட்டையின் பிடி இடம் மாறுவதால் தானாகவே விகிதத்தை மாற்றிக்கொள்கிறது. பனிவண்டியின் நெஞ்சுக்குள் இருப்பதும் இந்தப் பட்டைதான். தட்டையான பாதையில் இது பரம சௌகரியம்; ஆனால் செங்குத்தான இறக்கத்தில் யந்திரம் வண்டியைப் பிடித்து நிறுத்தும் என்று நம்பி உயர் நிலையிலேயே விட்டுவிட்டால், சில வண்டிகள் பிடிப்பை இழந்து தாமாகவே உருளத் தொடங்கிவிடும். மேட்டின் உச்சியிலேயே தாழ் நிலைக்கு மாற்றிக்கொண்டு, உடலைப் பின்னுக்குச் சாய்த்து, தடையை இடைவிடாமல் மெல்லப் பிடித்தவாறு இறங்குவதே முறை.

இனி, பாதை. மலாக்காவில் ரப்பர்த் தோட்டப் பயிர்ச்செய்கையின் சரித்திரம் ஆயர் குரோவுக்கு அருகிலுள்ள புக்கிட் லிந்தாங்கில் தொடங்குகிறது; 1896இல் அங்கேதான் டான் சே யான் என்பவர், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி அளித்த ஊக்கத்தினால், வியாபார நோக்கத்தோடு ரப்பர் பயிரிட்டார். பால்மரக் காலத்துத் தீம்பாரில் விடியுமுன் கித்தா வெட்டப் போனவர்கள் நடந்துபோனார்கள். காண்டாவில் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்து வந்தார்கள். ஒரு மனிதன் நடக்கும் அகலமே பாதையின் அகலமாயிருந்தது. செம்பனையின் நியதி வேறு. ஒன்பது மீட்டர் இடைவெளி விட்டு முக்கோண முறையில் நடப்படும் அம்மரங்கள் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 140 என்ற கணக்கில் நிற்கின்றன. வெட்டிய மட்டைகளை ஒரு வரிசையிலே அடுக்கிவிட்டு, அடுத்த வரிசையைக் குலை ஏற்றிவரும் வண்டிக்கென்று திறந்து வைப்பது வழக்கம். ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் அகலமுள்ள இந்த வண்டி அந்தத் திறந்த வரிசைகளில் சங்கடமின்றிப் போகிறது. எஞ்சியிருக்கும் பழைய பால்மரக் காட்டு ஒற்றையடிப் பாதைகளிலோ இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு நிற்கிறது. இந்த யந்திரம் ஒரு தோட்டத்துக்குப் பொருந்துமா என்பதை அதன் குதிரைத்திறன் நிர்ணயிப்பதைவிட அங்கு என்ன பயிர் நிற்கிறது என்பதே நிர்ணயிக்கிறது.

சக்கரங்களின் மகிமையைத் தனியே சொல்ல வேண்டும். கப்சாய் என்னும் சிறு மோட்டார் சைக்கிளின் சக்கரத்தில் சுமார் 30 பி.எஸ்.ஐ. காற்று நிரப்புகிற நமக்கு, இவ்வளவு பெரிய வண்டிக்கு 5 பி.எஸ்.ஐ. அளவே போதும் என்பது நம்பத்தகாததாய்த் தோன்றலாம். அந்தத் தளர்ச்சியினால்தான் சக்கரம் தரையில் பரந்து அமர்ந்து, முந்திய நாள் மழையில் ஊறிய களிமண்ணிலும் புதையாமல் ஏறுகிறது. தோட்டத்தின் தாழ்வான பகுதியில், பாரிட் என்னும் வடிகாலின் கரை இடிந்து சேறு குழம்பிக் கிடந்த இடத்தில், பின்சக்கரங்கள் மட்டும் இயங்கியபோது நின்ற இடத்திலேயே சுழன்று சேற்றை வாரி இறைத்த வண்டி, பொத்தானை அழுத்தி முன்சக்கரங்களையும் இயக்கத்தில் சேர்த்தவுடன், அதிக ஆரவாரமின்றிக் கரையேறிற்று. அச்சமயத்தில் ஏற்படும் ஆனந்தம் வேகத்தினால் வருவதன்று. இனி முடியாது என்று மனம் தீர்மானித்த இடத்தை யந்திரம் சாவதானமாகக் கடந்து போவதைக் காண்பதால் வருவது.

ஆனால் இதை ஓட்டும் கலை கப்சாய் ஓட்டும் கலைக்கு நேர் விரோதமானது. வழிகாட்டியாக வந்த தோட்டத்து இளைஞன், தலைக்கவசத்தின் வாரை இறுக்கிவிட்டுக்கொண்டே, “ஐயா, கப்சாய் நல்லா ஓட்டுவேன்னு சொல்ற ஆளுங்களைத்தான் நான் ரொம்ப கவனிச்சிக்கிட்டு வருவேன். ஒண்ணுமே தெரியாதவங்க சொன்ன பேச்சைக் கேட்டுக்குவாங்க” என்றான். அவன் சொன்னதில் ஆழ்ந்த உண்மை உண்டு. இருசக்கர வண்டி வளைவிலே நம்மோடு சேர்ந்து சாய்கிறது; இது சாய்வதில்லை, நம்மை வெளிப்புறமாகத் தள்ளுகிறது; ஆகையால் ஓட்டுபவன்தான் வெளிப்புறக் காலை மிதிபலகையில் ஊன்றிக்கொண்டு, உடலை வளைவின் உட்புறம் நகர்த்த வேண்டும். இருசக்கர வண்டி சறுக்கினால் காலைக் கீழே ஊன்றுவது பால்யத்திலிருந்து நமக்குப் பழகிப்போன ரட்சை. இங்கே அப்படி ஊன்றினால் கால் பின்சக்கரத்தின் அடியில் சிக்கிக்கொள்ளும். மண்பாதையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகமே ஏராளம் என்று தோன்றுவதற்கு, குலுக்கலோடு இந்தப் பழக்கங்களின் போராட்டமும் காரணம். ஆசனம் நீளமாயிருப்பது இரண்டாமவரை ஏற்றிக்கொள்வதற்கு என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் அது ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து எடையைச் சமன் செய்வதற்கே. குழந்தையை முன்னே உட்கார வைத்துக்கொண்டு ஓட்டும் தந்தையர் இதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும். பெரியவர்களுக்கான இவ்வண்டியைப் பதினாறு வயது நிரம்பாதவர் ஓட்டலாகாது என்பது தயாரிப்பாளர்களே விதித்த நிபந்தனை.

குறைகளும் அற்பமல்ல. பனிக்காற்றில் யந்திரத்தின் உஷ்ணம் ஓட்டுபவனுக்கு உபகாரமாயிருக்கலாம். நம் நண்பகல் வெயிலில் முழங்காலின் உட்புறத்தை அது வேகவைத்துவிடுகிறது. நீண்ட காற்சட்டை இன்றி ஏறுவது புத்திசாலித்தனமன்று. நீரில் இறங்கி ஏறியபின் தடைகள் சிறிது நேரம் சோர்ந்துபோகின்றன. தடை நெம்புகோலை மெல்லப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி உலர்த்திய பிறகே அவற்றை நம்பலாம். யந்திர ஓசையோ மரங்களிடையே நின்ற பறவைகளையெல்லாம் கலைத்துவிடுகிறது. காட்டின் அமைதியை நாடுபவர்கள் ஆயர் குரோத் தாவரவியல் பூங்காவில் காலார நடப்பதே உத்தமம். முந்நூறு கிலோவை நெருங்கும் எடையுள்ள வண்டி பக்கவாட்டில் கவிழ்ந்தால், அதைத் தனியொருவர் நிமிர்த்துவது இயலாத காரியம். பொதுச் சடக்கில் இதை ஓட்ட அனுமதியில்லாததால், ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோக லோரி தேவைப்படுகிறது.

ஆகவே என் முடிவு இது. ஒரு நாள் உல்லாசத்துக்காக வருபவர்கள், முழுத் தலைக்கவசமும் கணுக்காலை மூடும் காலணியும் அணிந்து, முதல் பாதி நேரத்தைச் சமதரையில் பழகுவதற்கே செலவிடச் சம்மதிப்பார்களானால், கொடுத்த வெள்ளிக்கு மேலாகவே அநுபவம் பெறுவார்கள். மழை ஓய்ந்த மறுநாள் காலை இதற்கு மிகச் சிறந்த வேளை. தாழ்நிலத்தில் செம்பனை வைத்திருக்கும் சிறு தோட்டக்காரருக்கு, சேற்றிலிருந்து குலை இழுத்துவரும் சாதனம் என்ற முறையில் இதனால் மெய்யான பிரயோஜனம் உண்டு. மற்றபடி, மேட்டு நிலத்தில் தினசரி மேற்பார்வைக்குப் போய் வருகிறவர்கள், இதன் விலையில் பல கப்சாய்கள் வாங்கலாம் என்பதை நினைவில் வைத்து, தங்கள் நிலத்தில் கப்சாய் போகமுடியாமல் நின்றுவிடுகிற இடங்கள் எத்தனை என்று முதலில் எண்ணிப் பார்க்கட்டும். அவை விரல்விட்டு எண்ணக்கூடியவையாயின், அந்த இடங்களில் பலகைப் பாலம் போட்டுக்கொள்வதே மலிவு.