நாணயமும் கடிகாரமும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வீதிகளில் பெயர்ப்பலகைகள் 'வைத்தியசாலை' என்றும் 'பொலிஸ் நிலையம்' என்றும் கூறும். அவ்வீதிகளில் நடப்போரின் கைத்தொலைபேசியிலுள்ள தமிழோ பெரும்பாலும் இந்தியச் சந்தையை முன்னிறுத்தி ஆக்கப்பட்டது. உலகச் சந்தைகளுக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்வதாகத் தொழினுட்ப நிறுவனங்கள் உரைப்பதை இவ்விடத்தில் வைத்து மதிப்பிடுதல் தகும்.

1991 இல் வெளிவந்த ஒருங்குறி, தமிழுக்கான இடத்தை இந்தியாவின் 'இஸ்கி' நியமத்தை அடியொற்றியே வகுத்தது. பாக்கு நீரிணையின் இரு கரைக்கும் ஒரே எழுத்துக்குறியீடு வாய்த்தமை பெரும்பேறே. ஆயின், சொல்லும் ஒன்றாகவேண்டுமா? நிறுவனங்கள் பலவும் பயன்படுத்தும் பொதுத் தரவுத் தொகுப்பில் இலங்கைத் தமிழ் ஒரு தனிக்கிளையாகவே உள்ளது. அங்கு காட்டப்படும் வேறுபாடுகளோ பெரிதும் ரூபாய்க் குறி, இருபத்துநான்கு மணிநேரக் கடிகாரம் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. இலங்கைத் தமிழரின் நேரத்தை அறிந்தவர்கள் அவர் கதைப்பதை அறிந்திலர்.

கூகுளின் மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழ் 2011 இல் இடம்பெற்றது. ஒரு நாட்டின் பெரும்பான்மை மொழியாகிய சிங்களம் 2014 வரை காத்திருந்தது. நுகர்வோர் தொகையே இவ்வரிசையை வகுத்தது எனலாம்.

இத்தகைய புறக்கணிப்பு சொல்வழக்கோடு நிற்பதன்று. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கெதிராக வன்முறை மூண்டது. சிங்களத்தில் பதிவிட இடமளித்திருந்த பேஸ்புக், அப்பதிவுகளை வாசித்தறியப் போதிய ஆட்களை வைத்திருக்கவில்லை. 2020 இல் மன்னிப்புக் கோரியது. மூவினத்தாரும் அடுத்தடுத்து வாழ, சிங்களமும் தமிழும் ஒரே கடைவீதியில் ஒலிக்கும் திருகோணமலைக்கு இது அயலூர்ச் செய்தியன்று.